மைத்துனருக்குக் கைமாற்று, பிரீமியத்துக்கு நகைக்கடனா?

கேள்வி: கோவையில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வயது 64. மனைவிக்கு 60, சர்க்கரை உண்டு. இருவருக்கும் சேர்த்து 9 ஆண்டுகளாக 5 லட்சம் ரூபாய் ஃப்ளோட்டர் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி வைத்திருக்கிறோம். பிரீமியம் 42,000 ஆகிவிட்டதால் நகையை அடகு வைத்துக் கட்டுகிறேன். மனைவியின் தம்பிக்குக் கடை வைக்கக் கொடுத்த 5 லட்சம் திரும்பவில்லை. இப்போது இன்னும் 1 லட்சம் கேட்கிறார். பழைய பாலிசியை விட்டுவிட்டு 1 கோடி பாலிசிக்கு மாறச் சொல்கிறார் ஏஜென்ட். தன் ஆபீஸ் பாலிசியே போதும் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்களைக் கடனாளி ஆக்கியது பிரீமியம் அல்ல. அந்த 5 லட்சத்தை 7% வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 35,000 வந்திருக்கும். பிரீமியத்தில் பெரும்பகுதி அதிலேயே முடிந்திருக்கும். மைத்துனருக்கு வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, நீங்கள் அடகுக் கடைக்கு வட்டி கட்டுகிறீர்கள்! அடுத்த 1 லட்சம் கிடையாது. பழைய பாக்கியில் மாதம் 5,000 கேளுங்கள். ஆண்டுக்கு 60,000, பிரீமியம் போக 18,000 நகை மீட்க ஆகும். இதை உங்கள் மனைவியே தம்பியிடம் பேசட்டும், நீங்கள் பேசினால் சண்டையில் முடியும்.

1 கோடி என்பது பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். '20% கோ-பே' பொடி எழுத்தில் இருக்கும். 6 லட்சம் பில் வந்தால் 1.2 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். அதோடு, புதுப் பாலிசியில் சர்க்கரை சார்ந்த சிகிச்சைக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். 9 ஆண்டு மூப்பை ஏன் தொலைக்க வேண்டும்? கம்பெனி பிடிக்கவில்லையென்றால் போர்ட் செய்யுங்கள், அதாவது அந்த மூப்போடு வேறு கம்பெனிக்கு மாறுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

மகன் தன் ஆபீஸ் பாலிசியில் உங்களைத் தாராளமாகச் சேர்க்கட்டும், கூடுதலாக. அவர் வேலையை விட்டால் அந்தக் காப்பீடும் போய்விடும்.

5 லட்சம் போதாது என்று தோன்றினால் அதன் மேல் சூப்பர் டாப்-அப் எடுங்கள், வெறும் டாப்-அப் வேண்டாம். ஒரே ஆண்டில் 3 லட்சம், 4 லட்சம் என இரண்டு பில் வந்தால், 5 லட்சத்துக்கு மேல் தரும் சாதா டாப்-அப் ஒரு பைசா தராது, ஏனென்றால் எந்த பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டிப் பார்த்து மீதி 2 லட்சத்தைத் தரும்.

2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய பாலிசிகளுக்கு 18% ஜி.எஸ்.டி. இல்லை. நீங்கள் சொல்லும் 42,000 வரியோடு சேர்ந்த பழைய தொகையா என்று முதலில் பாருங்கள்.