வேலூர் மாதிரி ஊரில் அமெச்சூர் குழு ஒன்று ராக் இசை நாடகம் போட முடியுமா? எது ரொம்பக் கஷ்டம்?

முடியும். காட்பாடியில் நாங்கள் போட்டோம். இரண்டு நர்ஸ்கள், ஒரு வங்கி ஊழியர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று 22 பேர். நாடகம் ஒருவருக்கும் தொழில் இல்லை. எடுத்துக்கொண்டது 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்'. 1970-ல் இசைத்தட்டாக வந்து, 1971-ல் நியூயார்க்கில் மேடையேறிய நாடகம் அது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எல்லாமே பாட்டுதான்.

கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் ஆள் கிடைக்குமா என்றுதான் எல்லாரும் முதலில் கவலைப்படுகிறார்கள். வேலூரில் அதற்குப் பஞ்சமில்லை. கஷ்டம் தொண்டையில்தான். இயேசு தனியாகத் தோட்டத்தில் பாடும் பாட்டில் ஓர் உச்சம் வரும். ஆர்மோனியக் கணக்கில் ஐந்து கட்டை. அதுவும் நம்மில் பெரும்பாலான ஆண்கள் கத்திப் பாடி எட்டுகிற ஐந்து கட்டைக்கு ஒரு ஸ்தாயி மேலே. முதல் இசைத்தட்டில் அதைப் பாடியவர் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் பாடகர் இயன் கில்லன். அதை அப்படியே பாட நினைத்து எங்கள் பையன்கள் தினமும் முழுக் குரலில் ஒத்திகை பார்த்தார்கள். இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். சுவரெல்லாம் டைல்ஸ். டிரம்ஸ் சத்தம் எதிரொலித்ததில் பாடுகிறவனுக்குத் தன் குரலே கேட்காது. கேட்காததால் இன்னும் கத்துவான். நாடகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது யூதாஸ் வேஷக்காரர் காலையில் போன் செய்தார். வெறும் காற்றுதான் வந்தது. மூன்று நாள் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர்.

எங்களைக் காப்பாற்றியவர் ஒரு கூத்து வாத்தியார். டிரம்ஸ் வாசிக்கும் தம்பிக்குப் பெரியப்பா, செய்யாறு பக்கம். (1989-ல் மாவட்டம் பிரிந்து செய்யாறு திருவண்ணாமலையோடு போய்விட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் வட ஆற்காடுதான்.) ராத்திரி பத்து மணிக்கு வேஷம் கட்டினால் விடிய விடியப் பாடுகிறவர். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இன்னாப்பா, தெனம் தெனம் ஆட்டமா ஆடுவீங்க? பாதிக் கொரல்ல பாடு. முழுசும் சனங்களுக்கு வை" என்றார். கூத்தில் வேஷக்காரர் ஓர் அடியைப் பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். எங்கள் நாடகத்தில் வரியைக் கூட்டவோ மாற்றவோ உரிமையில்லை. ஆனால் கூட்டமாகப் பாடும் இடங்களில் முன்னே நிற்பவர்களும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கெல்லாம் திரைக்குப் பின்னால் நான்கு பேரை மைக்கோடு நிறுத்தி, முன்னே இருப்பவர்களை அடக்கி வாசிக்கச் சொன்னோம். சுவரெங்கும் கொடி கட்டி ஜமுக்காளம் தொங்கவிட்டோம். பாடுகிறவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்தோம். யூதாஸ் குரல் நான்காம் நாள் திரும்பி வந்தது.

தாளமும் அவர் தயவுதான். மகதலேனா மரியாள் இயேசுவை ஆறுதல்படுத்தும் பாட்டு சுற்றுக்கு ஐந்து தட்டு என்ற தாளத்தில் போகும். கோயில் சந்தைக் காட்சி ஏழில். நாலையே பழகிய கை ஐந்தாவதில் தடுக்கி விழும். 'ஒன் டூ த்ரீ' என்று எண்ணி எண்ணி இரண்டு வாரம் போனது. வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து, தொடையில் தட்டி, 'தக தகிட, தக தகிட' என்று சொல்ல வைத்தார். ஏழுக்கு 'தகிட தகதிமி'. அழுத்தம் விழும் இடம் பாட்டுக்குப் பாட்டு மாறும், அதைப் பிறகு நாங்களே சரிசெய்துகொண்டோம். ஆனால் எண்ணுகிற பழக்கம் அன்றோடு போயிற்று. நர்ஸ் ஒருவர் பஸ்ஸில் வரும்போதெல்லாம் டிபன் பாக்ஸ் மேல் ஏழு தட்டிக்கொண்டே வருவார்.

இன்னொன்று, இந்த நாடகம் சிலுவையோடு முடிகிறது. உயிர்த்தெழுதல் காட்சி இல்லை. நியூயார்க்கிலேயே ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்தது. எங்கள் சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் மனம் வருந்தினார்கள். நாங்கள் வாதாடவில்லை. ஒத்திகைக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தோம். ஒருவர் கடைசி வரை இருந்தார், மற்றவர் பாதியில் எழுந்து போனார். அவர் வருத்தம் எனக்கு இன்றும் புரிகிறது.

செலவு, லைட், உடை எல்லாம் கோயில் திருவிழா நடத்திய ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வேலைதான். உரிமைக் கடிதத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதி, எந்த மண்டபம், எத்தனை நாற்காலி, டிக்கெட் எவ்வளவு, எத்தனை காட்சி என்று சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழில் பாட ஆசை என்றால் அதற்கும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். பதில் வந்த பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள். நாங்கள் முதலில் கொடுத்துவிட்டு, தேதி தள்ளிப்போய் அதை இழந்தோம்.