டயாலிசிஸ் இல்லாத வெள்ளிக்கிழமை

கேள்வி: என் கணவருக்கு 47 வயது, லாரி ஓட்டியவர். இரண்டு வருடமாக செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வீட்டுக்கு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வெள்ளிதோறும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போவோம், அதுவும் நின்றுவிட்டது. துணி காயப்போடப் போவதாகச் சொல்லி மாடியில் அழுதுவிட்டு வருகிறேன். என் கிட்னியைத் தருகிறேன் என்றால் கோபப்படுகிறார். ரத்த வகையும் சேரவில்லை. எதை நம்பி இருப்பது டாக்டர்?
- தண்டையார்பேட்டை வாசகி

பதில்: உங்களுக்கு மாடி, அவருக்குச் சுவர். அவ்வளவுதான் வித்தியாசம், அம்மா. ராயபுரம் பக்கம் பல வருடமாக சிறுநீரக நோயாளிகளைப் பார்க்கிறேன். "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று கணவர் சொல்லிவிட்டுப் போவார். "அவர்கிட்ட சொல்லாதீங்க" என்று பின்னாலேயே மனைவி வருவார். இருவருக்கும் எல்லாமே தெரியும். பயத்தைவிட, இந்த ஒளித்துவைப்புதான் இருவரையும் அதிகம் களைக்கச் செய்கிறது.

முதலில் ஒன்று. அவர் படுத்துக்கிடப்பது முழுக்க மனசு சம்பந்தப்பட்டது இல்லை. நான்கு மணி நேரத்தில் உடம்பிலிருந்து அவ்வளவு நீரை எடுத்தால், அடித்துப்போட்ட மாதிரிதான் இருக்கும். அன்று சாயங்காலம் பேச்சை எதிர்பார்க்காதீர்கள், மறுநாள் பேசுங்கள். ரத்தசோகை, அரிப்பு, ராத்திரியில் கால் குடைச்சல் இவையும் ஆளை முடக்கும். மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. அவருடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அடுத்த முறை கேளுங்கள். ஆனால் ஓய்வு நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள், அதையும் சரிசெய்யலாம். "டயாலிசிஸே வேண்டாம்", "செத்தா தேவல" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், அவர் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருந்தால் தினமும் காலையில் அதன்மேல் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். அதிர்வு இல்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருத்துவத்துக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் வேறு எதுவும் பேசாத தம்பதிகள்கூட அந்த ஒரு நிமிடத்தில் பேச ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். "நேத்து மாடியில அழுதேன்" என்று அப்போது சொல்லிவிடுங்கள். அவர் உடைந்துவிட மாட்டார்.

வீட்டில் சண்டை பெரும்பாலும் தண்ணீரில்தான் ஆரம்பிக்கும். டாக்டர் சொன்ன அளவைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். காபி, ரசம் குடித்தால் அந்த அளவை அவரே பாட்டிலிலிருந்து குறைத்துக்கொள்ளட்டும். நீங்கள் காவல் காக்க வேண்டாம். கருவாடு மட்டும் வேண்டாம். அந்த உப்புதான் தாகத்தைக் கிளப்பும். காசிமேட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு இது கஷ்டம்தான், தெரியும்.

கிட்னி விஷயம். அவர் கோபம் உங்களைப் பற்றிய பயமாக இருக்கலாம். உங்களுக்கு முழுப் பரிசோதனை செய்து, உங்கள் உடம்பு தாங்கும் என்றால்தான் எடுப்பார்கள். அதை டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். ரத்த வகை சேராததோடு கதை முடியவில்லை. இதே நிலையில் இருக்கும் இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்ள 2011 சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் தானத்துக்கு, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் ஆஸ்பத்திரி மூலம் பதியலாம். நாளாகும், ஆனாலும் பதிந்து வையுங்கள். டயாலிசிஸ், மாற்று அறுவைச் சிகிச்சை இரண்டும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தாம்பத்தியத்தில் ஆசை குறைவது நோயாலும் மருந்தாலும் வருவது. உங்கள்மேல் பிரியம் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்கலாம். கடையில் தானாக மாத்திரை வாங்குவது மட்டும் கூடாது, இதயத்துக்கு மருந்து எடுப்பவருக்கு அது ஆபத்து.

வெள்ளிக்கிழமை அவருக்கு டயாலிசிஸ் இல்லை. உடம்பு ஒத்துழைத்தால் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் போய்வாருங்கள். அர்ச்சனைப் பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிஸ்டுலா கையில் கனம் தொங்கக் கூடாது.