கூடலூரிலிருந்தே தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

கோவையில் சட்டம் நான்காம் ஆண்டு படிக்கிறேன், ஊர் கூடலூர். விடுதியில் வாரம் ஒருமுறை கூடி அரசமைப்புச் சட்டம் விவாதிக்கிறோம். பேச்சு, நாடாளுமன்றமும் திருத்தி அழிக்க முடியாத 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற கோட்பாட்டைத் தாண்டுவதே இல்லை. உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு இது உதவுமா? அதற்குக் கேட்கப்படும் மூன்றாண்டு வழக்கறிஞர் தொழிலைச் செய்யச் சென்னைக்குத்தான் போகவேண்டுமா?

ச., கூடலூர்

அன்புள்ள ச.,

அடிப்படைக் கட்டமைப்பைப் பேசும் குழுவில் கூடலூர்க்காரர் ஒருவர் இருந்தும் கூடலூரின் பெயர் வரவில்லை என்றால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கும் 'பிரிவு 17 நிலம்' 1969ஆம் ஆண்டின் ஜென்மம் (பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திலிருந்து வந்தது. அடிப்படைக் கட்டமைப்பு பற்றிய கோயலோ வழக்கின் வேரும் அதுதான். காடுகளை அரசு எடுத்துக்கொள்வது விவசாயச் சீர்திருத்தம் ஆகாது, ஆகவே நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு அரசமைப்பின் 31ஏ பிரிவு தரும் காப்பு அதற்கு இல்லை என்று 1972இல் பால்மேடீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் காடு பற்றிய பகுதியைச் செல்லாதாக்கியது. 1974இல் நாடாளுமன்றம் 34ஆவது திருத்தத்தால் முழுச் சட்டத்தையும் அடிப்படை உரிமைகளின் பேரில் எதிர்க்க முடியாத சட்டங்களின் பட்டியலான ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அதற்குள் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை வகுத்த கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்துவிட்டது: 1973 ஏப்ரல் 24. அந்தத் தேதிக்குப் பின் அட்டவணைக்குள் வந்த சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பின் பேரில் சோதிக்கலாம் என்று கோயலோ வழக்கில் 2007 ஜனவரி 11இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது.

மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அட்டவணையே செல்லாது என்று அந்த அமர்வு சொல்லவில்லை. கூடலூர்ச் சட்டத்தை ரத்து செய்யவும் இல்லை. சோதிக்கும் முறையை வகுத்துவிட்டு, வழக்குகளை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. கோட்பாட்டின் பெயர் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர் தீர்ப்பின் இறுதிப் பத்திகளைப் படிப்பதில்லை. உங்கள் கூட்டத்தில் ஒரு வாரத்துக்கு ஒரே தீர்ப்பை எடுங்கள். முதலில் பிரிவின் வாசகத்தை உரக்கப் படியுங்கள், பிறகு நிகழ்வுகளைத் தேதிவாரியாகச் சொல்லுங்கள். கருத்துச் சண்டை அதன்பிறகு. அடுத்த வாரத்துக்குக் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு இருக்கிறது. அதுவும் கூடலூர்க் காட்டில் பிறந்ததே. 'காடு' என்பதற்கு அகராதிப் பொருளே கொள்ளவேண்டும் என்ற 1996 டிசம்பர் 12 உத்தரவில் தொடங்குங்கள்.

தேர்வு வேறு தினுசு. முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் உண்டு. எழுவினாக்கள் (தரப்பினரிடையே தீர்க்கவேண்டிய கேள்விகள்) வனைந்து உரிமையியல் தீர்ப்பு எழுதவும், குற்றச்சாட்டு வனைந்து குற்றவியல் தீர்ப்பு எழுதவும் தெரியவேண்டும். இங்கே மதிப்பெண் போவது சட்டம் தெரியாததால் அல்ல. வாதி வழக்குரையில் சொன்னதையும் பிரதிவாதி எதிர்வழக்குரையில் மறுத்ததையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்காமல் எழுவினா வனைவதால். ஒத்துக்கொள்ளப்பட்ட செய்திக்கு எழுவினா எழுதுகிறார்கள், மறுக்கப்பட்ட ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்று ஒவ்வொரு எழுவினாவுக்கும் எழுதாமல், சாட்சியத்தை மொத்தமாகப் பேசி முடிப்பதும் அப்படித்தான். வாரம் ஒரு தீர்ப்பாவது கையால், கடிகாரம் வைத்து எழுதுங்கள்.

அரசமைப்பு அங்கே உதவாது என்று எண்ணவேண்டாம். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குக் குற்றச்சாட்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ்தான் வனையவேண்டும். காரணம் அரசமைப்பின் 20(1): குற்றம் நடந்தபோது நடப்பில் இருந்த சட்டத்தை மீறியதற்கே ஒருவரைத் தண்டிக்கலாம். அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவைப் போட்டால் தொடக்கமே பிழை.

மூன்றாண்டுத் தொழில் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20இல் தீர்ப்பளித்தது. வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கு. சென்னைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. கூடலூரிலோ உதகையிலோ சேருங்கள். தொடக்க நீதிமன்றத்தில்தான் வா.சா.ஆ.1 (வாதி தரப்புச் சான்றாவணம் 1) என்று ஆவணம் குறியீடாவதையும், சாட்சியின் தமிழ் வாக்குமூலத்தையும், குறுக்கு விசாரணையில் அது உடைவதையும் அன்றாடம் பார்ப்பீர்கள். மொழிபெயர்ப்புத் தாளுக்கும் அதுவே பயிற்சி. தொழில் செய்ததற்கு அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் சான்று தரவேண்டும், அல்லது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரின் சான்றில் மாவட்ட முதன்மை நீதித்துறை அலுவலரின் மேலொப்பம் வேண்டும். ஆகவே ஆஜரான வழக்குகளின் எண்ணையும் வக்காலத்து நகலையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். கடைசி மாதத்தில் தேடினால் கிடைக்காது.