வாட் கூடினால் செலவும் கூடுமா?

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவி. வீட்டுக்கு மின்கெட்டில் வாங்கப் போகிறோம். ஒன்று 1500 வாட், இன்னொன்று 3000 வாட். சின்னது வாங்கினால் கரண்ட் பாதிதான் ஆகும் என்கிறார் அப்பா. திறன் வேறு, ஆற்றல் வேறு என்று பாடத்தில் படித்தேன். ஆனால் அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பதில்: அப்பாவை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை 1 டிகிரி செல்சியஸ் ஏற்ற ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். 25 டிகிரியிலிருந்து 100 வரை 75 டிகிரி. ஆக 3,15,000 ஜூல். இது தண்ணீர் கேட்கும் ஆற்றல். எந்தக் கெட்டிலில் ஊற்றினாலும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வாட் சொல்வது வேகத்தை. 1 வாட் என்றால் நொடிக்கு 1 ஜூல். 1500 வாட் கெட்டில் அந்த ஆற்றலைக் கொடுக்க 210 நொடி எடுக்கும், 3000 வாட் கெட்டில் 105 நொடியில் முடித்துவிடும். மின்கட்டணம் ஜூலுக்குத்தான்: 36,00,000 ஜூல் சேர்ந்தால் ஒரு யூனிட். இரண்டிலும் ஆவது 0.09 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சரியாகச் சொன்னால், மெதுவாகச் சூடாகும் கெட்டிலில் வெப்பம் வெளியே கசிய நேரம் அதிகம் என்பதால் பெரியதுதான் துளி மிச்சம்.

ஆனால் வாங்குமுன் பிளக் பாயிண்ட்டைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 3000 வாட் என்றால் 13 ஆம்பியர் ஓடும். அந்த பாயிண்டும் வயரும் அதைத் தாங்காவிட்டால் 1500 வாட்டே போதும். உண்மையான மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது: இரண்டு டம்ளர் வேண்டுமென்றால் இரண்டு டம்ளர் மட்டும் ஊற்றுங்கள்.

விளக்கு வாங்கும்போது மட்டும் அப்பாவின் கணக்கு சரி. எத்தனை மணி நேரம் எரியும் என்பதை நாம்தானே முடிவு செய்கிறோம்? அங்கே வாட் குறைந்தால் செலவும் குறையும். வெளிச்சம் போதுமா என்பதை லூமென் எண்ணில் பாருங்கள்.

கேள்வி: 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் வாங்கினேன். என் போன் 5,000. நான்கு முறை ஏற வேண்டாமா? மூன்று முறை கூட வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மில்லி ஆம்பியர் மணி ஆற்றலின் அளவு அல்ல, மின்னூட்டத்தின் அளவு. வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 20 ஆம்பியர் மணி. உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், எனவே 20 × 3.7 = 74 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், போன் தன் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. இரண்டும் கைக்குச் சூடாகத் தெரிவது அதனால்தான். ஆற்றல் அழிவதில்லை, உங்கள் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவே. இனி வாங்கும்போது வாட் மணியை ஒப்பிடுங்கள். 74 வாட் மணி 2,66,400 ஜூல். மேலே சொன்ன ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூட அது காணாது!

கேள்வி: பிளக்கில் செருகினாலே மின்கட்டணம் பாதியாகும் என்று ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் கேட்கும் 3,15,000 ஜூலைச் சுவரில் செருகிய எந்தப் பெட்டியாலும் குறைக்க முடியாது. வாங்கிவிட்டிருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.