2010 மேக் ப்ரோவை இன்னும் மேம்படுத்தலாமா? செய்தால் எந்த வரிசையில்?

உங்களிடம் இருப்பது 2010-இல் வெளிவந்த, ஒற்றைச் செயலியும் நான்கு கோர்களும் கொண்ட மேக் ப்ரோ டவர் கணினி. புகைப்படத் திருத்தமும் ஓரளவு காணொளித் தொகுப்பும் செய்கிறீர்கள். இதற்கு இனிமேலும் செலவு செய்யலாமா, செய்தால் எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வகைக் கணினியை வேலைக்கு வைத்துக்கொண்டு, பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றி வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செலவு செய்யலாம். ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்களுக்கு எந்த மென்பொருள்கள் தேவை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

காரணம், இந்தக் கணினியில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் தாண்ட முடியாத ஒரு தடை உண்டு. இதில் பொருந்தும் செயலிகள் அனைத்தும் இன்டெலின் நெஹேலம், வெஸ்ட்மியர் தலைமுறைகளைச் சேர்ந்தவை. 2011-இல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு வந்த, பல எண்களை ஒரே வீச்சில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் அவற்றில் எதிலும் இல்லை. அண்மைக்காலக் காணொளி மென்பொருள்கள் பலவும் ஏவிஎக்ஸ் இருக்கும் என்ற எண்ணத்திலேயே எழுதப்படுவதால், அவை இங்கே மெதுவாக ஓடுவதில்லை. திறந்தவுடனேயே மூடிக்கொள்கின்றன. இயங்குதளத்திலும் இதே நிலைதான். ஆப்பிள் இந்தக் கணினிக்கு அனுமதித்த கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு 2018-இல் வந்த மொஹாவி. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2021-இல் நின்றுவிட்டன. ஆப்பிள் கைவிட்ட மேக்குகளிலும் புதிய பதிப்புகளைத் தொடங்க உதவும் ஓப்பன்கோர் என்ற மென்பொருளின் துணையோடு அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் ஏற்றலாம், அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் ஒவ்வொரு புதுப்பிப்புக்கு முன்பும் காத்திருந்து, பிறர் அனுபவத்தைப் படித்துவிட்டு, வேலை இல்லாத நாளில் ஏற்றுகிற பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் இதற்கு மேல் படிக்காமல் புதிய கணினி வாங்கிவிடுங்கள்.

பொறுமை இருக்கிறதென்றால், எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். செயலித் தட்டை வெளியே இழுத்து, வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கின் இடுக்குகளிலும் விசிறிகளிலும் படிந்த தூசியை நீக்கி, செயலிக்கும் அதற்கும் இடையே வெப்பம் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். சிஆர்2032 பேட்டரியையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது, செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் நார்த்பிரிட்ஜ் சில்லின் ஹீட் சிங்க். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் நொறுங்கி, ஒரு நாள் முறிந்துவிடுகின்றன. இரட்டைச் செயலி மாடல்களில் இதை அதிகம் காணலாம். ஹீட் சிங்க் சற்றே தூக்கிக்கொண்டால் போதும், சில்லு கொதிக்கத் தொடங்கும், கணினி காரணம் தெரியாமல் அணையும், பழி பவர் சப்ளையின் மேல் விழும். வெப்பநிலை காட்டும் மென்பொருளில் நார்த்பிரிட்ஜ் டயோடு அளவைப் பாருங்கள். சுமை எதுவும் இல்லாதபோதே அது மற்ற அளவுகளை விட்டு வெகுதூரம் ஏறி நின்றால், அந்த ஆணிகளுக்குப் பதிலாகச் சிறு உலோகத் திருகுகளும் நைலான் வளையங்களும் போடலாம். மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை இது; இதைச் செய்யாமல் புதிய செயலி போடுவது வீண்.

மேம்பாட்டில் முதலிடம் சேமிப்புக்குத்தான். செயலிதான் முதலில் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. நான்கு டிரைவ் அறைகளும் நொடிக்கு 3 கிகாபிட் வேக சாட்டா இணைப்பில் இயங்குவதால், எவ்வளவு நல்ல எஸ்எஸ்டியை அங்கே போட்டாலும் நொடிக்கு 270 மெகாபைட் அளவிலேயே நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவருக்கு அதுவே பெரிய மாற்றம் என்றாலும், இந்தக் கணினியின் உண்மையான வாசல், கூடுதல் கார்டுகளைச் செருகும் அதன் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள். சாட்டாவுக்குப் பதிலாக இந்த ஸ்லாட் வழியாகவே இயங்கும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்றைச் சாதாரண அடாப்டர் கார்டில் பொருத்தினால், பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-இன் நான்கு தடங்களிலேயே நொடிக்குச் சுமார் 1,500 மெகாபைட் கிடைக்கும். அதற்கு மேல் வேகமுள்ள எஸ்எஸ்டிக்குச் செலவிட வேண்டாம், அந்த வேகத்தை இந்தத் தடங்கள் தாங்காது. மூன்றாம், நான்காம் ஸ்லாட்டுகள் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்வதால் இரண்டாம் ஸ்லாட்டைத் தேர்ந்தெடுங்கள். என்விஎம்இயிலிருந்து நேரடியாகக் கணினியைத் தொடங்க, பூட் ரோம் (கணினியைத் தொடங்கும் ஃபர்ம்வேர்) பதிப்பு 140.0.0.0.0 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். கடைசியாக வந்தது 144.0.0.0.0, மொஹாவி நிறுவியோடு அது சேர்ந்தே வருகிறது.

அந்த நிறுவி, ஆப்பிளின் கிராபிக்ஸ் தொழில்நுட்பமான மெட்டல் வசதியுள்ள கிராபிக்ஸ் கார்டைக் கேட்கும். ரேடியான் ஆர்எக்ஸ் 580 இதற்குச் சிக்கலில்லாத தேர்வு. மின்சாரக் கணக்கை மட்டும் மீறாதீர்கள்: ஸ்லாட் வழியாக 75 வாட், மதர்போர்டிலுள்ள இரண்டு சிறிய ஆறு முள் இணைப்புகள் வழியாகத் தலா 75 வாட், ஆக மொத்தம் 225. கார்டுக்கு எட்டு முள் இணைப்பு தேவையென்றால், இரண்டு ஆறு முள்களையும் சேர்த்து எட்டாக்கும் கேபிளையே பயன்படுத்துங்கள். 980 வாட் பவர் சப்ளை இருக்கிறதே என்று இதைவிடப் பசியுள்ள கார்டைப் போட்டால், கடும் சுமையின்போது கணினி சொல்லாமல் அணைந்துவிடும். இன்னொன்று, மேக்கிற்கென்று செய்யப்படாத கார்டுகளில் தொடக்கத் திரை தெரியாது; ஓப்பன்கோர் இருந்தால் தெரியும். ஆகவே பழைய கார்டைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள், ஏதாவது கோளாறு வரும் நாளில் அது கண் கொடுக்கும்.

செயலியைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது கடினம் என்பதல்ல. 3.46 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஆறு கோர் ஜியான் எக்ஸ்5690 உங்கள் மாடலில் அப்படியே பொருந்தும். ஹீட் சிங்க் திருகுகளைக் குறுக்கு வரிசையில், சிறிது சிறிதாக இறுக்கினால் போதும். ஆனால் அதன் பயன் காணொளியை ஏற்றுமதி செய்யும்போதுதான் தெரியும். புகைப்படத் திருத்தத்தில் எஸ்எஸ்டி தரும் நிம்மதியை அது தராது. ரேமைப் பொறுத்தவரை, நினைவகம் மூன்று சேனல்களாக இயங்குவதாலும், மூன்றாம் நான்காம் இடங்கள் ஒரே சேனலில் இருப்பதாலும், ஒரே அளவுள்ள, பிழை திருத்தும் ஈசிசி வகை ரேம் துண்டுகள் மூன்றைப் போடுவதே சிறந்தது. ஈசிசி ரேமிலேயே ரெஜிஸ்டர்டு, அன்பஃபர்டு என்று இரண்டு வகைகள் உண்டு, அவற்றைக் கலந்தால் கணினி தொடங்கவே தொடங்காது.

யூஎஸ்பி 3-க்கு ஒரு ஸ்லாட் கார்டு போதும், அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இந்தக் கணினியின் ஃபர்ம்வேர் 4 மெகாபைட் அளவுள்ள ஒரு சில்லில் இருக்கிறது. அமைப்புகளும் அதே சில்லிலேயே எழுதப்படுகின்றன. ஓப்பன்கோரின் பாதுகாப்பு இல்லாமல் விண்டோஸை யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் நிறுவினால், அது தன் சான்றிதழ்களை அங்கே எழுதி, நாளடைவில் சில்லையே கெடுத்துவிடக்கூடும். பிறகு கணினி விளக்கு எரியும், திரை வராது. சில்லின் உள்ளடக்கத்தை முழுவதும் படித்துச் சேமிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. கணினி நலமாக இருக்கும்போதே ஒரு நகல் எடுத்துவைத்திருந்தால், சில்லை மாற்றி அதே உள்ளடக்கத்தை எழுதிக் கணினியை மீட்கலாம். வரிசை எண் முதலிய அடையாளங்கள் அதில் இருப்பதால் வேறொருவரின் நகல் உங்களுக்கு உதவாது. எடுத்த நகலை அதே கணினியின் டிஸ்க்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.