த்ரீடி பிரிண்டர் வாங்கலாமா?

அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகள் புராடக்ட் டிசைனுக்கு (பொருட்களை வடிவமைக்கும் படிப்பு) போக ஆசைப்பட்டு த்ரீடி பிரிண்டர் கேட்கிறாள், கூடவே அட்டையும் தெர்மாகோலும் வெட்டி வீட்டைக் குப்பையாக்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிண்டர் இப்போது வேண்டாம். அட்டைக்குத் தடை போடாதீர்கள்.

ஒரு டார்ச் லைட்டை வைத்துப் பார்ப்போம். கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்டருக்கு அனுப்பினால், அது பிளாஸ்டிக் இழையை உருக்கி, 0.2 மில்லிமீட்டர் அடுக்காக ஏற்றி முடிக்கச் சில மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் காத்திருந்து வந்ததைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. அதே நேரத்தில் தெர்மாகோலில் பத்துப் பிடி செதுக்கிவிடலாம். ஒன்று தடிமன், ஒன்றில் கட்டைவிரலுக்கு இடமில்லை, ஒன்று பாட்டி கைக்கு அடங்கவில்லை. இதையெல்லாம் கையில் பிடித்தால்தான் தெரியும். வடிவம் இரண்டு மூன்றாகச் சுருங்கிய பிறகு, மூடி திருகுகிறதா, பேட்டரி உள்ளே போகிறதா என்று பார்க்க பிரிண்டர் அருமையான கருவி. அப்போதும் வெளியே காசு கொடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம்.

1990களில் பாம் பைலட் என்ற கையடக்கக் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் செய்தது ஒரு மரக்கட்டை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நிஜக் கருவி போல எடுத்து எழுதுவதாகப் பாவனை செய்து பார்த்தார். எழுதுகோலுக்குச் சாப்ஸ்டிக்!

நுழைவுத்தேர்விலும் இந்தக் கைப்பழக்கம் உதவும். தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி (NID) நடத்தும் தேர்வின் இரண்டாம் கட்டத்தில், கொடுக்கும் பொருட்களை வைத்து அங்கேயே மாதிரி செய்யச் சொல்வது வழக்கம். டிசைன் பட்டப்படிப்புக்காக ஐஐடி பாம்பே நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத்தேர்வை பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவர்களும் எழுதலாம், வரைதலும் உண்டு. சேரப்போகும் கல்லூரியின் விதியை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொதப்பிய மாதிரிகளையும் தேதி போட்டுப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எதை ஏன் மாற்றினாள் என்று அவை சொல்லும். இணையத்தில் இறக்கி அச்சிட்ட அழகான பொம்மைகளோடு வரும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். இந்த வளைவு ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

சரி, குப்பைக்கு வருவோம். பொதுத்தேர்வு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பேசி வையுங்கள். கட்டருக்கு அடியில் வைக்க ஒரு பழைய பலகை கொடுங்கள், டைனிங் டேபிள் தப்பிக்கும். அப்புறம், தெர்மாகோல் மேல் நேராக ஸ்பிரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழியாகிவிடும். முதலில் ஃபெவிகால் பூசிக் காயவிடச் சொல்லுங்கள்.