பழைய ஒரிஜினல் மைக்கா, புதுசாகச் செய்த நகலா? மலையகத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதிலும்

ஹட்டன் பக்கம் இருபது வருடமாக ரெக்கோர்டிங் செய்கிறேன். கோயில் பாட்டு, தேவாலயப் பாடகர் குழு, காமன்கூத்து என்ற நம் மலையகக் கூத்து, கல்யாண வாழ்த்து என்று எல்லாம் வரும். மைக் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, யூ 47 மாதிரியே செய்த புது மைக் மூன்று லட்சத்துக்கு வருகிறது. இன்னும் காசு சேர்த்து ஒரிஜினலையே வாங்கினால் என்ன?

தம்பி, முதலில் ஒரிஜினல் என்றால் என்ன என்று பார்ப்போம். நியூமன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் யூ 47 மைக் வந்தது 1949இல், டெலிஃபங்கன் பெயரிலும் விற்றார்கள். இன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று வேண்டுமென்றால் 10,000 டொலருக்கு மேல், நம் காசில் முப்பது லட்சத்தைத் தாண்டும். சரி, அந்தக் காசும் இருக்கிறது என்றே வைப்போம். உள்ளே இருக்கும் வீ.எஃப். 14 என்ற வால்வை, அதாவது சிக்னலைப் பெருக்கும் குழாயை, 1950களின் கடைசியிலேயே செய்வதை நிறுத்திவிட்டார்கள். வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்கு 55 வோல்ட் கணக்கு, நியூமன் அதை 36 வோல்ட் அளவில் குறைத்து ஓட்டியது, அதனால் கடையில் கிடைக்கிற வேறு வால்வை அப்படியே கொண்டுவந்து செருக முடியாது. வால்வு கிடைக்காமல் போனபோது நுவிஸ்டர் என்ற சின்ன உலோக வால்வை மாற்றாகக் கொடுத்தார்கள், சந்தைக்கு வருகிற பல மைக்குகளில் அதுதான் இருக்கிறது. சத்தத்தைப் பிடிக்கிற பகுதியான கேப்சூல் எம் 7. அதன் சவ்வு பி.வி.சி., வருடம் போகப் போக இறுகி வெடிக்கும். ஆகவே யாராவது "ஒரிஜினல்" என்று சொன்னால் எது ஒரிஜினல் என்று கேளுங்கள். உடம்பா, வால்வா, சவ்வா, ட்ரான்ஸ்போமரா?

சில வருடத்துக்கு முன் கொழும்பில் ஒருவரிடம் அப்படி ஒன்றைப் பார்க்கப் போனேன். கையில் எடுத்ததும் அந்தக் கனமே ஆளை மயக்கிவிடும். வலைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். சவ்வின் ஓரத்தில் தங்கப் பூச்சு மெல்லிய வளையமாக உரிந்திருந்தது, நடுவிலிருந்து தலைமயிர் மாதிரி ஒரு கோடு ஓடியது. விற்றவர் "அது பழசின் அழகு" என்றார். பேசிப் பார்த்தால் தாழ்ந்த சுரமெல்லாம் காணாமல் போயிருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பிச் சவ்வு மாற்றி, வால்வும் தேடி எடுத்தால் இன்னொரு மைக்கின் விலை வந்துவிடும். வாங்காமல் பஸ் ஏறினேன். ஹட்டன் வரும்வரை மனசு கேட்கவில்லை, ஆனாலும் அன்றைக்கு எடுத்த முடிவு சரிதான்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: நகலை வாங்குங்கள். ஆனால் எந்த நகல் என்பதற்கு அடுத்த பதிலையும் வாசியுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்: முப்பதாயிரத்துக்கு ஒரு பெரிய கொண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும் வகை) வாங்கினேன். பார்க்க நியூமனின் யூ 87 மாதிரியே இருக்கிறது. ஐயப்பன் பாட்டு எடுத்தால் "சரணம்" என்று வருகிற இடமெல்லாம் காதைக் குத்துகிறது. என் குரல் அப்படியா?

உங்கள் குரலில் பிழையில்லை. இதை நிறைய பேர் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1960இல் வந்த யூ 67க்கு நியூமன் கே 67 என்று ஒரு கேப்சூல் செய்தது. அந்தக் கேப்சூல் தனியாக இருந்தால் உச்ச ஒலிகளைத் தூக்கித்தான் கொடுக்கும். அது தெரிந்தேதான் செய்தார்கள், ஏனென்றால் அதன் பின்னால் இருக்கும் சர்க்யூட் அந்த உச்சத்தை அதே அளவுக்கு இறக்கிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தச் சத்தம். 1967இல் வந்த யூ 87க்கும் இதே கதைதான். மலிவு மைக் செய்கிறவர்களில் பலர் கேப்சூலின் வடிவத்தை மட்டும் எடுத்து, இறக்காத சாதாரண சர்க்யூட்டில் பொருத்திவிடுகிறார்கள். தூக்கியது தூக்கியபடியே வெளியே வருகிறது. தமிழில் ச, ஷ, ஸ வருகிற பாட்டெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே நகல் வாங்கும்போது "எந்தக் கேப்சூல்" என்று மட்டும் கேட்டால் போதாது, "சர்க்யூட் எதைப் பார்த்துச் செய்தது, ட்ரான்ஸ்போமர் இருக்கிறதா" என்றும் கேளுங்கள். ஒழுங்கான நகல் செய்கிறவர் இதற்கு நேரே பதில் சொல்வார். பெட்டியின் அழகையும் பழைய காலத்துப் பேட்ஜையும் பற்றியே பேசினால் விட்டுவிடுங்கள். இப்போதைக்கு மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள், குத்துவது பாதி குறையும்.

நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி: யூ 87 ஒன்று 45,000 ரூபாவுக்கு விற்கிறார்களாம், பெட்டியும் இருக்கிறதாம். எடுக்கலாமா அண்ணே?

வேண்டாம். அது நகல் அல்ல, போலி. நகல் செய்கிறவர் தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்பார், போலிக்காரர் நியூமன் பெயரைப் போட்டு விற்பார். உண்மையான யூ 87 500 கிராம் இருக்கும், கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். தொடர் எண்ணை நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். எந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பிடிப்பது என்று மாற்றும் சுவிட்சைப் போட்டு, மைக்கின் பின்பக்கத்திலிருந்து பேசிப் பாருங்கள். கார்டியாயிட்டில் (முன்பக்கத்தைப் பிடிக்கும் நிலை) சத்தம் நன்றாக இறங்க வேண்டும், ஒம்னியில் (எல்லாப் பக்கமும் பிடிக்கும் நிலை) முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்க வேண்டும். மேடையில் பாவிக்கிற ஷூர் எஸ்.எம். 58இலும் போலி ஏராளம், அசல் 300 கிராமுக்குக் கிட்ட இருக்கும், போலி பெரும்பாலும் கையில் எடுத்தாலே இலேசாகத் தெரியும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு அண்ணன்: வால்வு மைக் நகல் ஒன்று வைத்திருக்கிறேன். மார்கழியில் பஜனை எடுக்கும்போது நடுவில் பொரிந்தது, எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி. அடுத்த நாள் வெயிலில் ஒன்றுமில்லை. வால்வு போய்விட்டதா?

அண்ணே, அது பனி. நம் ஊரில் கொண்டென்சர் மைக் வைத்திருக்கிற எல்லோருக்கும் வருகிற பிரச்சினை, விலை உயர்ந்த ஒரிஜினலுக்கும் வரும். கேப்சூலைச் சுற்றியிருக்கிற ரெசிஸ்டர்கள் நூறு மெகா ஓம், சிலவற்றில் கிகா ஓம் அளவில் இருக்கும். அவ்வளவு பெரிய தடைக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் வந்தாலே மின்சாரம் அதன் வழியாகக் கசியும், அதுதான் அந்தப் பொரிப்பு. குளிர்ந்த அறையில் வைத்த மைக்கை ஐம்பது பேர் பாடுகிற மடத்துக்குள் கொண்டு போனால், அத்தனை பேர் மூச்சும் அதன் மேல்தான் படிகிறது. கண்ணாடி போட்டவர்கள் சூடான தேத்தண்ணியைக் குனிந்து குடிக்கும்போது கண்ணாடி மங்குமே, அதேதான்.

மைக்கைப் பெட்டியை விட்டு எடுக்காமல் பாடுகிற இடத்திலேயே ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள், அப்புறம் திறங்கள். வால்வு மைக் என்றால் அரை மணித்தியாலம் முன்பே பவர் போட்டுவிடுங்கள், வால்வின் சூடே உள்ளே உலர்த்தும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அரிசி டின்னுக்குள் வைக்கிற பழக்கம் வேண்டாம், அந்தத் தூள் கேப்சூலுக்குள் போனால் எடுக்கவே முடியாது. மைக்குக்கு முன்னால் வைக்கிற வலைத் திரையான பாப் ஃபில்டர் எச்சிலை மட்டுமல்ல, மூச்சின் ஈரத்தையும் தடுக்கும், அதை எப்போதும் போடுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்: தப்பு மேளத்தை ரெக்கோர்டிங் செய்ய எந்த விண்டேஜ் நகல் நல்லது?

எதுவும் தேவையில்லை. ஷூர் எஸ்.எம். 57 போதும், 1965இலிருந்து வருகிற டைனமிக் மைக் (தனியாக மின்சாரம் வேண்டாத வகை), பனிக்கும் பயப்படாது. தப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அடி விழுகிற ஒவ்வொரு முறையும் பல கொண்டென்சர்கள் திணறும். இப்போது விற்கிற யூ 87 கூட, சத்தத்தைக் குறைக்கும் பேட் சுவிட்சைப் போடாவிட்டால் 117 டெசிபல் வரைதான் தாங்கும். காமன்கூத்து இரவில் தோல் தளர்ந்துபோய் தீயில் காட்டிக் காட்டி அடிப்பார்களே, காய்ச்சி எடுத்த உடனே வருகிற அடியும் பத்து நிமிடம் கழித்து வருகிற அடியும் வேறு. எந்த மைக்கை மாற்றினாலும் அவ்வளவு வித்தியாசம் வராது. காய்ச்சி முடித்ததும் முதல் அடியிலிருந்தே பதிவு ஓட வேண்டும், அதில் கவனம் வையுங்கள்.

பதுளையிலிருந்து ஒரு டீச்சர்: எங்கள் தேவாலயத்தில் ஒரு பழைய ரிபன் மைக் அலுமாரியில் கிடக்கிறது. பாடகர் குழுவுக்குப் பாவிக்கலாமா?

டீச்சர், ஊதிப் பார்க்க வேண்டாம், யாரையும் ஊதவும் விட வேண்டாம். உள்ளே இருப்பது சில மைக்ரோன் மட்டுமே தடித்த அலுமினிய நாடா, ஒரு மூச்சில் நீண்டுவிடும். நிமிர்த்தி வையுங்கள், மேலே ஒரு துணியுறை போடுங்கள். மிக்சரில் பான்டம் பவரை (கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம்) நிறுத்திவிட்டுத்தான் செருக வேண்டும், கேபிளில் பிழை இருந்தால் அந்த மின்சாரம் நாடாவைக் கெடுக்கும். வேலை செய்தால் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். ரிபன் முன்னும் பின்னும் ஒரே மாதிரி கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. குழுவை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்திப் பாடச் சொல்லுங்கள், அவ்வளவு இதமான சத்தம் நான் வேறெதிலும் கேட்டதில்லை.

லிந்துலையிலிருந்து ஒரு தம்பி: வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அனுப்புகிற செலவு, சுங்கம், அதற்கு மேல் 18 சதவீத வற் வரி எல்லாம் வரும். வால்வு மைக் என்றால் தனி பவர் பெட்டி வரும், அது 230 வோல்ட்டுக்கானதா என்று வாங்க முன் கேளுங்கள், அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் பெட்டி வந்து கரண்ட் போட்ட நொடியே புகைந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

டிக்கோயாவிலிருந்து ஒரு தங்கச்சி: கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. லயத்து வீடு, தகரக் கூரை. நல்ல யூ 87 நகல் வாங்கலாமா?

தங்கச்சி, மழை பெய்தால் அந்தக் கூரையின் சத்தம் முழுவதும் பாட்டுக்குள் வந்துவிடும், மைக் எவ்வளவு நல்லதோ அவ்வளவு தெளிவாக வரும். அறுபதாயிரத்துக்குள் நல்ல டைனமிக் ஒன்று எடுங்கள். மீதியில் இரண்டு தடித்த மெத்தை, நான்கு கம்பளி, ஒரு நல்ல ஹெட்போன். கம்பளிகளை உங்களுக்குப் பின்னால் சுவரில் தொங்கவிட்டு, மைக்குக்கு அரைச் சாண் கிட்ட நின்று, மழை விட்ட பிறகு விடியற்காலையில் பாடிப் பதிந்து எனக்கு அனுப்புங்கள். கேட்டுவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.